நொச்சிக் கட்டும் தானாகப் பேசிய வில்லும்

பேய்க்குப் பயப்படுகிறவர்கள் பொதுவாக ராத்திரிக்குத்தான் பயப்படுவார்கள். எனக்கும் ராத்திரிக்கும் எந்தத் தகராறும் கிடையாது. மில்லில் இரண்டாம் ஷிப்டு முடிந்து ஆளில்லாத தெருவில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவேன். வாய்விட்டுப் பாடுவேன். என் குரலைக் கேட்டு நாய்கள்தான் ஒதுங்கும். என்னைச் செருப்பு தெறிக்க ஓட வைத்தது பட்டப்பகல். நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளுமே, அந்த உச்சிவேளை.

எண்பதுகளின் தொடக்கம். கோரிப்பாளையம் முக்கிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தெரு. தெரு முடிகிற இடத்தில் ஒரு பார்க். பெரிதாக நினைக்க வேண்டாம். சிமென்டுச் சறுக்கு ஒன்று, சங்கிலி போன ஊஞ்சல் ஒன்று, சாயங்காலம் செய்தி வாசிக்கும் ரேடியோ ரூம் ஒன்று, சுண்ணாம்பு அடித்த செங்கல்லுக்கு நடுவே கொஞ்சம் குரோட்டன்ஸ். பார்க்குக்குப் பின்னால் வாய்க்கால். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீரை வைகைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. மற்ற மாதங்களில் நூல்போலக் கிடக்கும். ஐப்பசியில் அதன் பேச்சே வேறு.

பார்க்கை ஒட்டிய கடைசி வீடு பாயினுடையது. பாய் மெத்தை தைப்பவர். தெருத்தெருவாகப் பஞ்சடிக்கும் சின்ன வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு போய், வீட்டு வாசல்களில் பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடித்துத் தைத்துக் கொடுப்பார். பெரிய வில் ஒன்று வீட்டின் பின்னறையில், உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும். ஆள் உயரம். அதன் நரம்பைக் கட்டையால் தட்டினால் ‘டொய்ங்ங்’ என்று ஒரு சத்தம் எழும்பும். காதில் விழுவதைவிட வயிற்றில் விழுகிற சத்தம்.

அந்தப் பின்னறைதான் பிரச்சினை. முன்பெல்லாம் வாய்க்கால் கரை முழுக்க நாணலும் தாழையுமாக மண்டிக் கிடந்தது. தாழைக்குள் பாம்பு, நாணலுக்குள் எலி. எலி வந்து பஞ்சைக் கடிக்கிறது என்று பாய்தான் முதலில் அரிவாளோடு இறங்கினார். தெருவே பின்னால் இறங்கியது. கரையை வழித்து, பெருக்கி, கோலம் போடலாம் போல ஆக்கினோம். அடுத்த மழைக்கு வாய்க்கால் வந்து பார்த்தது. தடுக்க ஒரு வேர்கூட இல்லை. ஊஞ்சலின் ஒரு தூணையும், பார்க்கின் வேலியையும், பாயின் கொல்லையையும் தின்றுவிட்டுப் போனது. பாய் எதையும் மெத்தையால்தான் அளப்பார். பின்சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒற்றை மெத்தை விரிக்கக்கூட இடமில்லை என்றார்.

அந்த வருஷம் அவர் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை. பிரசவத்து நாற்பது நாள் கழிந்து பிள்ளையோடு திரும்பும்போது சரியாக மழை பிடித்திருக்கும். கரைக்குக் கல்கட்டுச் சுவர் எழுப்புவதெல்லாம் எங்கள் கைக்கு எட்டாத சமாச்சாரம்.

“மாப்ள, புள்ளையத் தூக்கிட்டு வாரவ வீட்டுக்கு வரணும். வாய்க்காலுக்கு வரக்கூடாது” என்றார் பாய்.

நான்தான் யோசனை சொன்னேன். மேலூர்ப் பக்கம் என் அக்காவைக் கொடுத்த ஊரில் ஓடை ஒன்று உண்டு. எவ்வளவு வெள்ளம் போனாலும் கரை அலுங்காது. ஏன் என்று மச்சானைக் கேட்டதற்கு, ஓடைக்கரைக்குக் காலில் நாணல், இடுப்பில் நொச்சி, தலையில் மருது இருக்க வேண்டும், குரோட்டன்ஸ் வைத்தால் அது வெள்ளத்தோடு சேர்ந்து ஊர் சுற்றப் போய்விடும் என்று சிரித்தார். அதே வரிசையை எங்கள் பார்க்கில் வைப்பது என்று முடிவானது.

ஆடி மாதத்தில் ஒருநாள் நானும் பாயும் போனோம். மச்சான் மேலூர்ச் சந்தைக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். ஓடை என்ன ஓடியா போகும் என்று நாங்களே இறங்கினோம். நாணலைக் கிழங்கோடு பெயர்த்தோம். மருதங்கன்று சில கிடைத்தன. நொச்சிக் கம்பு வெட்டிக்கொண்டே ஓடையோடு மேலே போனபோது ஓரிடத்தில் நொச்சி விரல் பருமன் விட்டு மணிக்கட்டுப் பருமனுக்கு மாறியது. கணுவுக்குக் கணு கொழுகொழுவென்று. இதை விடுவானேன் என்று ஒரு கட்டு வெட்டினோம். பாய் தன் பையிலிருந்து நீலக்கோடு போட்ட மெத்தைத் துணிக் கிழிசலை எடுத்து இறுகக் கட்டினார். அப்போதுதான் கவனித்தேன். அங்கே குருவிச் சத்தம் இல்லை. ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கும் சத்தம் இல்லை. புதருக்குள் ஒரு மண்குதிரை கழுத்தில்லாமல் நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்குக் கழுத்து இருந்தது, முகம் இல்லை. இருந்தாலும் அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

பாயைக் கூப்பிடக்கூட இல்லை. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு நடையைக் கட்டினேன். பஸ்சுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் மச்சான் எதிர்ப்பட்டார். நீலத்துணிக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“குதிரைக்கு அங்கிட்டு வெட்டுனீகளா மாப்ள?”

என் முகமே சொல்லியிருக்கும். அது கருப்பசாமி கோயில்காடு, ஊரில் யாரும் அங்கே காய்ந்த சுள்ளிகூடப் பொறுக்க மாட்டார்கள் என்றார். பிறகு என் நிறம் மாறுவதைப் பார்த்து, அவராகவே வழியும் சொன்னார்.

“பயப்படாதீக. வைக்கிற எடத்து மண்ணு ஒரு பிடி கொண்டாந்து அங்க போட்டுட்டு, எடுத்தோம்னு சொல்லிரணும். அம்புட்டுதேன். சொல்லாம மட்டும் வைக்கப்படாது.”

பாய்க்கு அதில் குழப்பமே இல்லை. யார் இடமாக இருந்தாலும் கேட்டுத்தானே எடுக்க வேண்டும், நாளைக்கே மண்ணோடு வருவோம் என்றார். ஆனால் நாளைக்கு எனக்கு மில், அதற்கு மறுநாள் அவருக்கு ஒரு கல்யாண வீட்டு மெத்தை. அதற்கும் மறுநாளிலிருந்து எனக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலைப் பற்றி என் மனைவிக்குச் சில கருத்துகள் உண்டு. அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

மற்றக் கம்புகளையும் நாணலையும் மருதையும் தெருக்காரர்கள் சேர்ந்து கரை நெடுக நட்டார்கள். நீலத்துணிக் கட்டை மட்டும் நான் நட விடவில்லை. மண் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் என்று சொல்லி, கட்டோடு வாய்க்கால் சகதியில் ஊன்றி, பாயின் பின்னறைக்கு வெளியே, சுவர் மூலையில் சாத்தி வைத்தேன். அது ஒதுக்கப்பட்ட இடம் என்பதால் அந்த மூலை மட்டும் நடாமல் மொட்டையாக நின்றது.

பகலில் வீட்டில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்று தண்ணீர் ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. புரட்டாசி வந்துவிட்டது, மழை வரவில்லை. வெயில் கரையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. வெக்கையில் நொச்சி வாசம் மருந்துக்கடை திறந்தது போல அடிக்கும். நான் வாளியோடு ஒவ்வொரு கம்பாக ஊற்றிக்கொண்டு வருவேன். நீலத்துணிக் கட்டுக்கு மட்டும் ஊற்றுவதில்லை. அதன் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

ஒருநாள் உச்சியில், கடைசிக் கம்புக்கு ஊற்றி நிமிர்கிறேன்.

டொய்ங்ங்.

பாய் பஞ்சு அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வெயிலில் என்ன வேலை, வந்து ஒரு கை பிடியுங்கள் என்று சத்தம் கொடுத்தேன். பதிலுக்கு இன்னொரு டொய்ங்ங். சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போனேன். கதவில் பூட்டு. வெளியே தொங்குகிற பூட்டு. பாய் காலையிலேயே சின்ன வில்லோடு தல்லாகுளம் போனதை நானே பார்த்தேன் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

உள்ளே யாரோ நரம்பை மறுபடி தொட்டார்கள். இந்தத் தடவை மெதுவாக, சுதி பார்ப்பது போல.

ஓடுவது என்று நான் முடிவு செய்யவில்லை. கால்கள் என்னைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. சறுக்கின் மேல் ஏறி மறுபக்கம் சறுக்கி இறங்கினேன். சுற்றிப்போக வழி இருந்தது. டீக்கடை வாசலில் வந்து நின்றபோது கையில் காலி வாளி, காலில் ஒரு செருப்பு.

டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்னண்ணே, வாளியில பார்சலா?”

தாகம் என்றேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லையா என்றார். மறுநாளிலிருந்து அந்தக் கடையில் எனக்கு டீயோடு ஒரு செருப்பு வேண்டுமா என்றும் கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டு நாள் உடம்பு சரியில்லாமல் இருந்துவிட்டு, வெட்கம் பிடுங்க மறுபடி போனேன். வெறுங்கையோடு போகவில்லை. நெற்றியில் விபூதி, அதற்கு மேல் குங்குமம், மணிக்கட்டில் தர்காவில் ஓதிக் கட்டிய கறுப்புக் கயிறு, சட்டைப்பையில் சர்ச் வாசலில் வாங்கிய மெழுகுவர்த்தி. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டத் தயாராக இருந்தேன். வாளியைக் கீழே வைத்தேன். அன்றைக்கு என்னை அறியாமல் அந்த மூலைப் பக்கம் கண் போய்விட்டது.

கட்டு தளிர்த்திருந்தது.

ஒரு சொட்டுத் தண்ணீர் நான் ஊற்றவில்லை. கரை நெடுக நாங்கள் நட்டுக் கும்பிட்டு ஊற்றிய கம்புகள் அப்போதுதான் மொட்டு மொட்டாகக் கண் திறந்துகொண்டிருந்தன. இது, கட்டிப்போட்டபடியே, நீலத்துணிக்கு மேல் அடர்ந்து சாணுக்கு மேல் வளர்ந்து நின்றது. காற்று இல்லை. ஐந்து ஐந்து விரலாக விரிந்த அந்த இலைகள் ஒன்றுகூட அசையவில்லை. எல்லா விரல்களும் பின்னறைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன.

டொய்ங்ங் என்றது உள்ளே.

இந்த முறை வாளியையும் விட்டுவிட்டு ஓடினேன்.

அன்று மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டு, சாயங்காலம் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கோயில்காட்டிலிருந்து கட்டோடு ஏதோ வந்துவிட்டது, அது உங்கள் வில்லை எடுத்து வாசிக்கிறது, ராகம்கூடத் தெரிகிறது என்றேன். பாய் முதலில் சிரித்தார். என் நெற்றியையும் கயிற்றையும் பையில் உருகிக் கிடந்த மெழுகுவர்த்தியையும் பார்த்து இன்னும் சிரித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டே பின்னறைப் பக்கம் பார்த்தார்.

“வில்லு தானாப் பேசாது மாப்ள. யாரோ பேச வைக்கணும். நாளைக்கு உச்சிக்கு நானும் இருக்கேன்.”

மறுநாள் பின்னறைக்குள் பஞ்சு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலை அடைத்திருந்ததால் கதவு வழியாக மட்டும் வெளிச்சம். தலைக்கு மேல் தகரக் கூரை வெயிலில் டிக் டிக் என்று முறுக்கிக்கொண்டிருந்தது. நடுவில் வில், உத்தரத்திலிருந்து தூக்கில் போட்டது போல. ஆடாமல் இருக்க அதன் கீழ்நுனியைப் பாய் எப்போதும் பின்சுவரில் அடித்த முளையில் ஒரு கயிற்றால் கட்டிவைப்பார். நான் கதவுக்குப் பக்கத்து மூட்டையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். வசதிக்காக.

வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு வில் நடுங்கியது. கண்ணால் பார்த்தேன். யாரும் தொடவில்லை. நரம்பு ஒரு நிழல்போலத் தடித்துத் தெரிந்தது, டொய்ங்ங்.

நான் எழுந்துவிட்டேன். பாய் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். வேட்டியை விட்டுவிட்டு ஓடுவதா, மானமா உயிரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பாய் தரையைக் காட்டினார்.

தரையில் கிடந்த பஞ்சுப் பிசிறுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எறும்பு வரிசை போல, ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல், பின்சுவரை நோக்கி. சுவரடிக்குப் போனதும் ஒவ்வொன்றும் ஒரு கணம் நின்று, குனிவது போல மடிந்து, காணாமல் போயின.

வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இப்போது எழுதும்போதும் முதுகு சிலிர்க்கிறது. பாய்க்குச் சிலிர்க்கவில்லை. வெளுத்துப் போனார். தவழ்ந்து போய், பிசிறு மறைகிற இடத்தில் கையை வைத்தார். மணிக்கட்டு வரை உள்ளே போனது. தரையும் சுவரும் சேருமிடம் பிளந்திருந்தது. குனிந்து பார்த்தேன். பிளவுக்குக் கீழே மண் இல்லை. வெளிச்சம் இருந்தது. கீழே வாய்க்காலின் சகதி பளபளத்தது.

நாங்கள் உட்கார்ந்திருந்த அறை பாதிக்கு மேல் அந்தரத்தில் நின்றது. போன மழைக்கு வாய்க்கால் அரித்துவிட்டுப் போன அடிமண், மொட்டையாக விட்ட அந்த மூலை வழியாக வெயிலில் பொலபொலவென்று உதிர்ந்து போயிருந்தது. பகல் ஏற ஏறத் தகரம் விரிந்து உத்தரத்தைத் தள்ளும். பிடிமானம் இல்லாத சுவர் மயிரிழை வெளியே நகரும். சுவர் நகர்ந்தால் முளை நகரும், முளை நகர்ந்தால் கயிறு வில்லைச் சுண்டும். உச்சிக்கு உச்சி அதுதான் நடந்திருக்கிறது. பஞ்சுப் பிசிறை இழுத்தது பிளவு வழியே ஓடிய காற்று. ஒவ்வொரு டொய்ங்ங்கும் வீடு வாய்க்காலுக்குள் எடுத்துவைத்த ஓரடி.

அப்பாடா, பேய் இல்லை என்று நான் நிம்மதியாகச் சொல்லிவிட்டேன். பாய் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த முகமில்லாத குதிரையே தேவலை.

அவர் மனைவிக்குப் பெண்குழந்தை பிறந்து கடிதம் வந்திருந்தது. நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. புதிதாகக் கம்பு வெட்டி வைத்து அது வேர்விடக் காலம் இல்லை. வேரோடு தயாராக நின்றது ஒரே ஒரு கட்டுதான்.

“மண்ணள்ளு மாப்ள. போயிட்டு வந்துருவோம்” என்றார் பாய்.

அந்தப் பிளவுக்குள்ளிருந்தே ஒரு பிடி அள்ளி, மெத்தைத் துணியில் முடிந்துகொண்டு மேலூர் பஸ் ஏறினோம். அக்கா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நாங்கள் ஓடைக்குள் இறங்கியது, வேறு எப்போது, உச்சியில்தான். இரண்டு குதிரைகளும் அப்படியே நின்றன. நாங்கள் வெட்டிய தூர்களில் தளிர் விட்டிருந்தது. சாணுக்கு மேல் உயரம். எங்கள் மூலையில் கட்டு வளர்ந்திருந்த அதே உயரம். அதைப் பாயிடம் நான் சொல்லவில்லை. நான் பேசினால் குரல் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது.

பாய் செருப்பைக் கழற்றினார். வீட்டுக்காரரிடம் பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

“அய்யா, உங்க கம்பு எங்க வீட்டுல இருக்கு. எங்க மண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். பச்சப்புள்ள வருது.”

முடிச்சை அவிழ்த்துக் கொட்டினார். மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒரு பஞ்சுப் பிசிறும் விழுந்தது. அதை இரண்டு பேரும் பார்த்தோம். காற்று துளியும் இல்லை. பிசிறு கொஞ்சநேரம் கிடந்தது. பிறகு மெல்ல ஊர்ந்து முகமில்லாத குதிரையின் காலடிவரை போய் நின்றது.

இங்கே பிளவும் இல்லை, சுவரும் இல்லை, தகரமும் இல்லை. பாய் வாயைத் திறப்பதற்குள் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்றேன். இந்தத் தடவை அவரும் மறுக்கவில்லை. எனக்கு முன்னால் நடந்தார்.

திரும்பி வந்ததும் தெருவே சேர்ந்தது. பின்னறையின் பஞ்சையும் வில்லையும் வெளியே எடுத்து, கூரைத் தகரத்தைக் கழற்றி, போகிற சுவர் போகட்டும் என்று விட்டுவிட்டோம். காப்பாற்ற வேண்டியது அதற்கு முன்னால் இருந்த அடுப்படியும் முன்னறையும். சரிந்த இடத்தில் கம்பு ஊன்ற மண்ணே இல்லை என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது பாய் ஊசியை எடுத்தார். வீட்டிலிருந்த மெத்தைத் துணி முழுவதையும் பைபையாகத் தைத்தார். நாங்கள் மண்ணை நிரப்பிக் கொடுக்கக் கொடுக்க, வாயைத் தைத்து, நடுநடுவே பிரிந்துவிடாமல் மெத்தைக்குப் போடுகிற அதே முடிச்சுகளைப் போட்டார். வாய்க்காலுக்கு மெத்தை போடும் முதல் மனுஷன் நீங்கள்தான், தலையணையும் உண்டா என்றேன். உனக்குத்தான் போடப்போறேன், படுத்துப் பார் என்றார். அந்த மண்மெத்தைகளைக் கரையில் படிப்படியாக அடுக்கி, நீலத்துணியை அவிழ்த்து, வேர் முற்றிய நொச்சிகளை ஒவ்வொன்றாக மெத்தையைக் கிழித்து ஊன்றினோம். துணியை அவிழ்த்தது நான். கை நடுங்கியது உண்மை. குளிர் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. புரட்டாசி வெயில்.

மழை வந்தது. வாய்க்கால் கரைதொட்டுப் புரண்ட அன்று நாங்கள் எல்லோரும் பார்க்கின் ரேடியோ ரூமில் நின்று பார்த்தோம். பின்சுவர் ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்து தண்ணீருக்குள் போனது. அதற்கும் அடுப்படிக்கும் நடுவே நீலக்கோடு போட்ட மெத்தைகள், பச்சை முளைத்த மெத்தைகள், தண்ணீர் இழுக்க இழுக்க அசைந்தன. நகரவில்லை. பாய் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படிச் சுவர் நின்றது.

குழந்தையோடு அவர் மனைவி வீட்டுக்குத்தான் வந்தார்.

பிறகு பெரிய வில்லை முன்னறை உத்தரத்தில் மாட்டினார்கள். பக்கத்திலேயே தூளி. ஒருநாள் உச்சிக்கு நான் வாளியோடு போனபோது உள்ளே டொய்ங்ங் என்றது. குழந்தை காலால் எத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தூளி காலியாக இருந்தது. குழந்தை வாசலில் தாயின் மடியில் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது.

நேராகப் பின்பக்கம் போனேன். அடுப்படிச் சுவரடியைத் தடவினேன். பிளவில்லை. நொச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினேன். ஒன்றுகூட அசைந்துகொடுக்கவில்லை. மண் இறுகியிருந்தது. வீட்டுக்கு ஒன்றுமில்லை, அது நிச்சயம்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஓடினேன். டீக்கடையில் செருப்பை எண்ணிப் பார்த்தார்கள். அன்றைக்கு இரண்டும் இருந்தன.